வரிசையாக ஊர்ந்து வரும் விஷக் கம்பளிப்பூச்சி: முகர்ந்து பார்த்தால் நாய்க்கு நாக்கே போகலாம்... எப்படித் தப்பிக்க வைப்பது?

பிப்ரவரி பிறந்தால் போதும், ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ், இத்தாலி என மத்தியதரைக்கடல் ஓர நாடுகளின் கால்நடை மருத்துவமனைகளுக்கு ஒரே மாதிரியான நாய்கள் வர ஆரம்பிக்கும். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகும். முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். நாக்கு வீங்கி வாய்க்குள் அடங்காமல் தொங்கும். அரை மணி நேரத்துக்கு முன்னாடி வரை அந்த நாய் பார்க்கில் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

பாம்பு கடித்ததா, தேனீ கொட்டியதா என்று வளர்ப்பவர்கள் பதறுவார்கள். ஆனால் அந்த ஊர் டாக்டர்களுக்குப் பார்த்த உடனே புரிந்துவிடும். இது ஊர்வலக் கம்பளிப்பூச்சியின் வேலை.

நம்ம ஊர் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, 'கம்பளிப்பூச்சி பட்டால் கொஞ்ச நேரம் அரிக்கும், அவ்வளவுதானே?' என்று தோன்றலாம். ஐரோப்பாவில் இருக்கும் இந்த இனம் அப்படி இல்லை. அங்கே குடியேறி, நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது பற்றித் தெரிவதும் இல்லை. சொந்த ஊரில் இல்லாத ஆபத்து, அதனால் கண்ணில் பட்டாலும் மனதில் படாது.

ஏன் இந்தப் பெயர்?

இரண்டு முக்கிய இனங்கள் இருக்கின்றன. ஒன்று பைன் மரத்தில் வாழ்வது, இன்னொன்று ஓக் மரத்தில் வாழ்வது. இரண்டுமே வளர்ந்தால் சாதாரண, பழுப்பு சாம்பல் நிற அந்துப்பூச்சிகளாக மாறக்கூடியவை. அந்துப்பூச்சியால் நாய்க்கு ஆபத்து இல்லை. புழுப் பருவம்தான் பிரச்சினை.

பைன் இனத்தின் கதையைப் பார்ப்போம். கோடைக்காலத்தில் தாய் அந்துப்பூச்சி பைன் ஊசியிலைகளில் கொத்தாக முட்டையிடும. பொரித்து வரும் புழுக்கள் பிரியாமல் ஒரே குடும்பமாக வாழும். குளிர் நெருங்கும்போது கிளை நுனியில், வெயில் படும் பக்கமாகப் பார்த்து, வெள்ளைப் பட்டு நூலால் பெரிய கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் பஞ்சுமிட்டாய் மாட்டி வைத்தது போல இருக்கும். பகலில் கூட்டுக்குள் கதகதப்பாக முடங்கிக் கிடந்து, இரவில் வெளியே வந்து இலையைத் தின்னும்.

குளிர்காலம் முடியும் தருவாயில், இடத்தைப் பொறுத்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மொத்தக் குடும்பமும் மரத்தைவிட்டு இறங்கும். மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாக மாற வேண்டும், அதற்கு நல்ல இடம் தேட வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் போகும் புழுவின் வாலில் பின்னால் வருவதன் தலை முட்டும் அளவுக்கு ஒட்டி, நீண்ட வரிசையாக நடைபாதையிலும் புல்வெளியிலும் ஊர்ந்து போகும். பெயருக்குக் காரணம் இந்த ஊர்வலம்தான்.

முன்னால் போவதைப் பின்னால் வருவது எந்த அளவுக்கு நம்பும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு சோதனை உண்டு. பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்றி ஃபாப்ர், தன் வீட்டில் இருந்த பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் இந்தப் புழுக்களின் வரிசை ஏறியபோது, முதலும் கடைசியும் சேர்ந்து ஒரு வட்டமாக மாறும்படி விட்டார். தலைவன் இல்லாத வட்டம். ஏழு நாட்கள் அந்தப் புழுக்கள் அந்த விளிம்பையே சுற்றிச் சுற்றி வந்தன.

நாய்க்கு இது ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி. தரையில் நெளிந்து நகரும் நீளக் கயிறு. குட்டி நாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம், ஓடிப்போய் முகரும், நக்கும், கவ்வும்.

விஷம் எங்கே இருக்கிறது?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. புழுவின் உடலில் கண்ணுக்குத் தெரியும் நீளமான முடிகள் விஷ முடிகள் அல்ல. ஆபத்தானவை கண்ணுக்கே தெரியாத குட்டி முடிகள். ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு நீளம்தான். முதுகுப் பக்கத்தில் சின்னச் சின்னத் திட்டுகளில் நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கும். வளர்ந்த ஒரு புழுவிடமே இப்படி லட்சக்கணக்கில் முடிகள் இருக்கும். தொந்தரவு செய்தால் அந்தத் திட்டுகள் திறந்து, முடிகள் தூசு போலக் காற்றில் பறக்கும்.

ஒவ்வொரு முடியும் கூர்மையான ஊசி. அம்பு முனையில் இருப்பது போன்ற கொக்கிகள் இருப்பதால், தோலில் அல்லது நாக்கில் குத்தினால் உள்ளே உள்ளேதான் போகும். முடி உடையும்போது அதிலிருக்கும் புரதம் வெளியே வரும். தாமெட்டோபோயின் என்று இதற்குப் பெயர். இது உடலின் செல்களைத் தூண்டி ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கும். அலர்ஜிக்கு மாத்திரை போடும்போது நாம் அடக்க நினைப்பதும் இந்த ஹிஸ்டமினைத்தான். வீக்கம், எரிச்சல், வலி எல்லாம் சில நிமிடங்களில் தொடங்கிவிடும்.

இதனால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன. நாய் புழுவைக் கடிக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, ஊர்வலம் போன பாதையை முகர்ந்தாலே போதும். செத்த புழுவும் ஆபத்துதான். காலியான பழைய கூடு கீழே விழுந்து கிடந்தாலும் ஆபத்துதான், ஏனென்றால் முடிகள் ஒரு வருடத்துக்கு மேலும் வீரியத்தோடு இருக்கும்.

நாய்க்கு என்ன ஆகும்?

முதலில் தெரிவது எச்சில். திடீரென்று அளவுக்கு மீறி ஒழுகும். அடுத்து நாய் வாயைத் தரையில் தேய்க்கும், காலால் பிறாண்டும், முனகும். உதடும் நாக்கும் வீங்கும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கும். கண்ணில் பட்டிருந்தால் கண் சிவந்து, திறக்க முடியாமல் தவிக்கும், கருவிழியில் புண்ணாகி பார்வையைக்கூடப் பாதிக்கலாம். தொண்டை வீங்கினால் மூச்சுத் திணறும். சில நாய்களுக்கு உடல் முழுக்க அலர்ஜி பரவி, அதிர்ச்சி நிலைக்குப் போகும். உயிர் போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உயிர் பிழைத்தாலும் நாக்கு தப்புமா என்பது வேறு கேள்வி. முடிகள் குத்திய இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, நாக்கின் நிறம் சிவப்பிலிருந்து ஊதா, பிறகு கறுப்பு என்று மாறும். அந்தப் பகுதியின் திசு செத்துப்போய், சில நாட்களில் தானாகக் கழன்று விழும். நாக்கின் நுனி மட்டும் போனால் பெரும்பாலான நாய்கள் பழகிக்கொள்கின்றன. பெரிய பகுதி போய்விட்டால் தண்ணீர் குடிப்பதே போராட்டம். நாய் நாக்கால்தான் தண்ணீர் குடிக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் பாதிப்பு புரியும். வெயில் நேரத்தில் உடல் சூட்டைக் குறைத்துக்கொள்ளவும் அதற்கு நாக்குதான் துணை.

ஆறுதலான விஷயமும் இருக்கிறது. பிரான்ஸில் இப்படிப் பாதிக்கப்பட்ட 109 நாய்களின் சிகிச்சைப் பதிவுகளை கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மிகப் பெரும்பாலான நாய்கள் பிழைத்திருந்தன. வாயைச் சீக்கிரமாகக் கழுவியது நாக்கைக் காப்பாற்ற உதவியதும் தெரியவந்தது. ஆக, முதல் சில நிமிடங்களில் வளர்ப்பவர் என்ன செய்கிறார் என்பது ரொம்ப முக்கியம்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, நாயை அந்த இடத்திலிருந்து இழுத்து வருவது. வெறும் கையால் வாயைத் தொடக்கூடாது. கிளவுஸ் இல்லையா? நாய்க் கழிவை அள்ளக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும்.

அடுத்து தண்ணீர். நிறையத் தண்ணீர். வெதுவெதுப்பாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வாட்டர் பாட்டிலில் இருப்பதையே ஊற்றலாம். தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழிந்து விழ வேண்டும், அதனால் நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, வாயின் ஒரு பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும். உதடு, மூக்கு, முன்னங்கால் பாதம் எல்லாவற்றையும் அலச வேண்டும். பாதத்தை விட்டுவிட்டால் நாய் அதை நக்கி மறுபடியும் முடிகளை வாய்க்குள் கொண்டுபோகும்.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். பதற்றத்தில் கர்சீப்பையோ டவலையோ எடுத்து நாக்கை அழுத்தித் துடைத்துவிடுவார்கள். துடைக்கத் துடைக்க முடிகள் உடைந்து இன்னும் ஆழமாகப் போகும், விஷம் இன்னும் அதிகமாக வெளியேறும். ஊற்றலாம், அலசலாம். தேய்க்கவே கூடாது.

வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யக்கூடாது. உள்ளே போன முடிகள் திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு முறை குத்தும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையும் வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாய்க்கு ஆபத்து. பூனைக்கு பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும். பால், வினிகர், எலுமிச்சை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதற்குச் செலவாகும் நேரம்தான் நாக்கைக் காப்பாற்ற வேண்டிய நேரம்.

நாய் மூச்சுவிடத் திணறுகிறது, சோர்ந்து விழுகிறது என்றால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி ஓரிரு நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளம்பலாம். போகும் வழியிலேயே போன் செய்து 'ஊர்வலக் கம்பளிப்பூச்சி' என்று சொல்லிவிட்டால் அங்கே தயாராக இருப்பார்கள். வீக்கம் வடிகிறதா என்று நாளைக்குப் பார்க்கலாம் என ஒத்திப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

மருத்துவமனையில் பொதுவாக மயக்க மருந்து கொடுத்தோ, அமைதிப்படுத்தியோ வாயை மறுபடியும் நன்றாக அலசுவார்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, வலி நிவாரணி, தேவைப்பட்டால் டிரிப்ஸ், புண்ணில் தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். விஷமுறிவு மருந்து என்று தனியாக எதுவும் கிடையாது. திசு செத்துப்போவது உடனே தெரியாது என்பதால் அடுத்த சில நாட்கள் தொடர்ந்து பார்ப்பார்கள். அந்த நாட்களில் சாப்பாடு மென்மையாக, கூழ் பதத்தில் இருந்தால் நாய்க்குச் சுலபம்.

பூனைக்குப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. பூனைகள் எதையும் சட்டென்று வாயில் கவ்வாது என்பதால் பாதிப்பு குறைவு. ஆனால் காலிலும் ரோமத்திலும் ஒட்டிய முடிகளை நக்கிச் சுத்தம் செய்யும்போது நாக்கில் ஏறிவிடும். குதிரை, ஆடு, மாடுகளும் புல்லோடு சேர்த்து இந்த முடிகளை மேய்ந்து பாதிக்கப்படுவது உண்டு.

வளர்ப்பவர்களும் தப்ப முடியாது. நாயின் ரோமத்தில் ஒட்டிய முடிகள் சோபாவுக்கு, மெத்தைக்கு, குழந்தையின் கைக்கு வரும். தோல் தடிப்பு, கண் எரிச்சல், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுத்திணறல். சந்தேகம் இருந்தால் நாயைக் கிளவுஸ் போட்டுக் குளிப்பாட்டிவிட்டு, போட்டிருந்த துணிகளை 60 டிகிரி சூட்டில் துவைப்பது நல்லது.

லண்டனில் மே, ஜூன், ஜூலை கவனம்

மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆபத்துக் காலம் குளிர்கால முடிவு என்றால், பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனியில் கோடைத் தொடக்கம். அங்கே பிரச்சினை ஓக் இனம். வசந்த காலத்தில் ஓக் மரம் தளிர்க்கும் நேரத்தில் புழுக்கள் பொரித்து வரும். சில வாரங்களில் விஷ முடிகள் வளர்ந்துவிடும். மே முதல் ஜூலை வரை உச்சம்.

பிரிட்டனில் இந்தப் பூச்சி முன்பு இருந்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட ஓக் மரங்களோடு சேர்ந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 2006இல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதிலிருந்து பரவிக்கொண்டே போகிறது. ஓக் மர இறக்குமதிக்கு 2018, 2019 ஆண்டுகளில் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஆனால் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கூடுகளைப் பார்த்தால் வனத்துறை ஆணையத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம்.

ஓக் இனத்தின் கூடு பைன் கூடு போலக் கிளை நுனியில் வெண்பஞ்சாகத் தொங்காது. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டியபடி இருக்கும். முதலில் வெள்ளையாக இருந்து, நாளாக நாளாகப் பழுப்பேறி மரப்பட்டையோடு கலந்துவிடும். அதனால் கண்ணில் படாமல் போகும். பைன் புழு போல இது மண்ணுக்குள் போய்ப் புதைவதில்லை, கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். ஆனால் பழைய கூடு காற்றில் பிய்ந்து விழும், நாய் அதைப் பந்து என்று நினைத்துக் கவ்வும்.

அறிவிப்புப் பலகைகளைப் படிக்கத் தெரிந்திருப்பது உதவும். ஸ்பெயினில் 'ப்ரொசெசியோனாரியா', பிரான்ஸில் 'ஷெனீய் ப்ரொசெசியோனேர்', ஜெர்மனியில் 'ஐஷன்ப்ரொட்செசியோன்ஸ்ஷ்பின்னர்' என்று எழுதியிருப்பார்கள். ஜெர்மன் பெயரைப் படித்து முடிப்பதற்குள் நாய் போய் முகர்ந்துவிடும் என்பதால், மரத்தில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தாலே ஒதுங்கிவிடுவது உத்தமம்.

வடக்கு நோக்கி நகர்கிறது

பைன் இனம் முன்பு தெற்கு ஐரோப்பாவோடு நின்றிருந்தது. கடும் குளிரில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. பகலில் கூட்டுக்குள் 9 டிகிரிக்கு மேல் சூடேறி, இரவில் வெளியே 0 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால்தான் அது வெளியே வந்து சாப்பிடும். குளிர்காலம் மிதமாக மாற மாற, அப்படிப்பட்ட இரவுகள் அதிகமாகின்றன. பிரான்ஸில் இந்த இனம் பாரிஸ் சுற்றுவட்டாரம் வரை வந்துவிட்டது. 2022இல் பிரெஞ்சு அரசு பைன், ஓக் இரண்டு ஊர்வலக் கம்பளிப்பூச்சிகளையும் மனித உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. லா சாப்பல் பக்கம் கடை வைத்திருப்பவர்களும் வார இறுதியில் நாயோடு காட்டுப் பக்கம் நடக்கப் போனால், மேலே மரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டிய காலம் இது.

தோட்டத்தில் கூடு இருந்தால்?

நாயை லீஷ் இல்லாமல் விடுவதை அந்த சீசனில் நிறுத்துவதுதான் முதல் பாதுகாப்பு. பைன், சீடர் மரங்கள் இருக்கும் பாதையைத் தவிர்த்து வேறு வழியில் வாக்கிங் போகலாம். மேலே வெள்ளைக் கூடு தெரிந்தால் கீழே ஊர்வலம் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று அர்த்தம்.

சொந்தத் தோட்டம் என்றால் சும்மா இருக்கவும் முடியாது, தானாகக் கைவைக்கவும் கூடாது. குச்சியால் கூட்டைத் தட்டிவிடுவது, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, துடைப்பத்தால் பெருக்குவது, காலால் நசுக்குவது எல்லாமே முடிகளைக் காற்றில் பறக்கவிடும் வேலைகள். கூட்டுக்குத் தீ வைப்பதும் அப்படித்தான், சூட்டில் எழும் காற்றோடு முடிகள் மேலே கிளம்பி அக்கம்பக்கம் முழுக்கப் பரவும். முழுப் பாதுகாப்பு உடை, முகக்கவசம் அணிந்த பயிற்சி பெற்ற ஆட்கள்தான் கூட்டை வெட்டி எடுக்க வேண்டும். பைன் கூடுகளைப் புழு இறங்குவதற்கு முன்பே, அதாவது குளிர்காலத்தின் நடுவிலேயே அகற்றினால்தான் பலன்.

அதைத் தவறவிட்டால் இன்னொரு வழி உண்டு. அடிமரத்தைச் சுற்றி ஒரு காலர் போல வளையம் மாட்டுவார்கள். மரத்திலிருந்து இறங்கும் ஊர்வலம் அந்த வளையத்தில் மாட்டி, ஒரு குழாய் வழியாக மண் நிரப்பிய பைக்குள் போய்விடும். புழுக்கள் அங்கேயே 'மண் கிடைத்துவிட்டது' என்று புதைந்துகொள்ளும், பையோடு எடுத்துப் போய்விடலாம். முன்னால் போவதை அப்படியே நம்பும் குணம் இங்கே நமக்குச் சாதகம். ஆனால் பையையும் வெறும் கையால் தொடக்கூடாது, நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் புழு சின்னதாக இருக்கும்போது பிடிகே என்ற பாக்டீரியா மருந்து தெளிப்பதும், கோடையில் ஆண் அந்துப்பூச்சிகளை இழுக்கும் பெரோமோன் பொறி வைப்பதும் நடைமுறையில் இருக்கின்றன.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியால் நாய்க்கு ஆபத்தா?

இங்கே இருக்கும் வாசகர்களுக்கு வரும் நியாயமான சந்தேகம். முருங்கைக் கம்பளிப்பூச்சியும் பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும், பட்டால் தோல் தடித்து அரிக்கும். ஐரோப்பிய ஊர்வலப் புழு அளவுக்கு நாக்கை அழிக்கும் பூச்சியாக அது அறியப்படவில்லை. அதற்காக நாய் நக்கிவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. குட்டி நாயின் வாய், கண் எல்லாம் மென்மையானவை. நக்கிவிட்டால் அதே விதிதான், தேய்க்காமல் தண்ணீர் விட்டு அலசி, வீக்கமோ எச்சிலோ இருந்தால் வெட்னரி டாக்டரிடம் காட்ட வேண்டும். அடிமரத்துக் கூட்டத்துக்குத் தீப்பந்தம் காட்டி எரிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அப்படிச் செய்யும் அன்று நாயையும் குழந்தைகளையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு, கீழே விழுந்ததை அள்ளிப் புதைத்த பிறகு வெளியே விடுவது நல்லது.

இந்த முடிகளுக்கு அஞ்சாத உயிரினங்களும் இருக்கின்றன. ஐரோப்பாவில் குயில் இந்தப் புழுக்களை முடியோடு விழுங்கும். பட்டாணிக்குருவி இனங்கள் விஷ முடி முளைக்கும் முன்பே குட்டிப் புழுக்களைக் கொத்தித் தின்னும், அதனால் பல ஊராட்சிகள் ஓக் மரங்களுக்குப் பக்கத்தில் மரப்பெட்டிக் கூடுகளை மாட்டி வைக்கின்றன. மண்ணுக்குள் புதைந்த பைன் கூட்டுப்புழுக்களை நீண்ட அலகால் குத்தித் தோண்டித் தின்பது, நம் ஊர் வயல்வெளிகளிலும் தலையில் கொண்டையோடு நடக்கும் அதே கொண்டலாத்திப் பறவை.